மோட்டர் போட்டால் நெற் போகும்

சுன்னாகத்தில் கணினி திருத்தும் கடை ஒன்றுக்கு மடிக்கணினி ஒன்று வருகிறது. மூடியைத் திறந்ததும் வைபை பிடிக்கிறது. பக்கங்கள் திறக்கின்றன, காணொளி தடையில்லாமல் ஓடுகிறது. பழுது என்று காட்ட ஒன்றுமே இல்லை. "தம்பி, இங்கை எல்லாம் வடிவா வேலை செய்யுது. வீட்டை கொண்டுபோனாத்தான் நெற் வருகுதில்லை" என்கிறார் கொண்டுவந்தவர். கடைக்காரர் சிரித்துவிட்டு, "வீட்டை வந்துதான் பாக்கோணும் அம்மா" என்கிறார்.

இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிப்போன உரையாடல் இது. வீட்டில் மட்டும் வருகிற பழுதுக்கு மேசையில் வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. ஒழுங்கைக்குள் போகவேண்டும், படலையைத் திறந்து வளவுக்குள் நுழையவேண்டும். அங்கே போனபிறகும் கணினியை அல்ல, வீட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டியிருக்கிறது. வயர் எப்போது இழுத்தது, சுவர் எதனால் கட்டியது, ரவுட்டர் எந்த நாட்டிலிருந்து யார் கொண்டுவந்தது, கிணற்று மோட்டர் எத்தனை மணிக்கு ஓடுகிறது? உடுவில் போன்ற ஓர் ஊரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் ஐம்பது ஆண்டு வரலாறு கிளம்பி வருகிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே காங்கேசன்துறை வீதியில் போனால் இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். அந்த வரிசையோடு ஒட்டிக் கிடக்கிறது உடுவில். வலிகாமத்தின் செம்மண், அதன் கீழே சுண்ணக்கல், வளவுக்கு வளவு கிணறு. அமெரிக்க மிசனரிகள் 1824இல் இங்கே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. அதைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ தன் ஊரான கனெற்றிக்கட்டுக்கு இங்கிருந்து எழுதிய கடிதங்கள் கப்பலேறி மாதக்கணக்கில் பயணம் செய்தன. கடல் கடந்து இருக்கும் உறவோடு பேச்சைத் தொடர்வது உடுவிலுக்குப் புதிய காரியம் அல்ல. அன்று எழுதியவர் வந்தேறி; இன்று ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் உடுவில் பிள்ளைகள். அவ்வளவுதான் மாற்றம்.

வீட்டுக்குள் நின்று சிக்னல் தேடும் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்தது. ரூபவாகினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் குடாநாட்டுக்காரரின் கண் பாக்குநீரிணைக்கு அப்பால்தான் இருந்தது. தூர்தர்சனைப் பிடிக்கக் கூரைக்கு மேல் உயரமான குழாய் நட்டு, அதன் உச்சியில் அன்ரெனா கட்டி, கம்பி இழுத்து நிறுத்தினார்கள். காற்று மாறினால் படம் போகும். ஒருவர் முற்றத்தில் குழாயைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே ரிவிக்கு முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... ஐயோ போட்டுது!" என்று கத்துவார். பக்கத்து வீட்டில் பளிச்சென்று தெரியும் படம் இங்கே மட்டும் புள்ளி புள்ளியாய் வந்தால் காரணம் வீட்டில்தான் இருக்கவேண்டும்: வயரில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது நடுவே ஒரு தென்னை வளர்ந்திருக்கும். கருவியைச் சந்தேகிக்குமுன் வழியைச் சந்தேகி என்ற பாடத்தை ஒரு தலைமுறை அந்த அன்ரெனாக் குழாயைத் திருப்பித் திருப்பியே படித்துவிட்டது.

பிறகு திருப்புவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்று. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி வெடித்தபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் ஏறின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வானொலிச் செய்தி கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப்போகும். பிபிசி தமிழோசைக்காகக் கூடியிருந்தவர்கள் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள்.

இதைச் சாகசமாகச் சொல்லிப் பெருமைப்படும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. இங்கே கவனிக்கவேண்டியது வேறு. வோல்ற் குறைந்தால் கருவி எப்படி நடந்துகொள்ளும், தளர்ந்த முடிச்சு ஒன்று என்ன சத்தம் போடும், அருகில் ஓர் எஞ்சின் ஓடினால் வானொலியில் எப்படி இரைச்சல் ஏறும் என்பதெல்லாம் அந்த ஆண்டுகளில் பொறியியல் படிக்காத வீடுகளுக்குள்ளும் புழங்கிய அறிவாயிற்று. பின்னால் இணையம் வந்தபோது அந்த அறிவு வேறு பெயரில் வேலைக்கு வந்தது.

1995 ஒக்ரோபர் இறுதியில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் ஒரே இரவில் வெளியேறித் தென்மராட்சிக்குப் போனது. உடுவிலும் வெறிச்சோடியது. மறு ஆண்டு ஏப்ரலிலிருந்து மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். வீடு இருந்தவர்களுக்கும் வீட்டுக்குள் இருந்த வயர் இருக்கவில்லை. செம்புக்கு எந்தப் போரிலும் விலை உண்டு. திரும்பி வந்தவர்கள் கையில் கிடைத்த வயரை, கிடைத்த இடத்தில் ஒட்டி, கிடைத்த சுவிச்சைப் பூட்டினார்கள். அப்படி அவசரத்தில் இழுத்த வயர்கள் பல வீடுகளில் பூச்சுக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன. இன்றைய ரவுட்டரின் மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கதைப்பதென்றால் 'கொமினிகேசன்' கடைக்குப் போகவேண்டும். பலகைத் தடுப்புக்குள் ஒரு ரெலிபோன், வாசலில் வாங்கு, வாங்கில் காத்திருக்கும் தாய்மார். தெற்கில் நிலைமை வேறாக இருந்தது. வணிக இணையச் சேவை இலங்கையில் 1995இலேயே வந்துவிட்டது. அரசுத் திணைக்களமாக இருந்து 1991இல் கூட்டுத்தாபனமாகிய ஸ்ரீலங்கா ரெலிகொம்மில் 35 சதவீதத்துக்கும் மேலான பங்குகளை 1997இல் ஜப்பானின் என்ரிரி நிறுவனம் வாங்கியது. கொழும்பில் மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது உடுவிலில் மின்சாரமே நேரக்கணக்கில் வந்துபோனது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. லொறிகளில் சீமெந்தும் சைக்கிளும் வந்ததோடு கணினியும் வந்தது. நெற் கபேக்கள் முளைத்தன. வீடுகளுக்குச் செம்புக் கம்பி இழுத்து முடிப்பதற்குள் கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசிகள் முந்திக்கொண்டன. மேசையில் வைக்கும் போன், முதுகில் ஒரு சின்ன அன்ரெனா. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 மறுபடி மூடியது. போர் 2009இல் முடிந்தபிறகுதான் வீட்டு இணையம் என்பது உடுவிலில் ஊன்றத் தொடங்கியது. ரெலிபோன் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் சேவை நாட்டில் 2003இல் அறிமுகமானது. இங்கே அது வீட்டுச் சாமானாக மாறியது போருக்குப் பிந்திய ஆண்டுகளில்.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வீதிக் கம்பத்திலிருந்து வேப்பமரக் கிளையை உரசிக்கொண்டு வந்து, கூரை விளிம்பில் ஓர் ஆணியில் தொங்கி, யன்னல் சட்டத்தில் போட்ட துளையால் உள்ளே நுழைகிறது. சுவரில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு திருகாணிகள், இரண்டு செம்பு நுனிகள். மாரி இரண்டு மூன்று கண்டிருந்தால் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். எறும்பு முட்டையிட்டிருக்கும், பல்லி காய்ந்து கிடப்பதும் உண்டு. குரல் அழைப்புக்கு இந்தக் களிம்பு பெரிய இடைஞ்சல் இல்லை, கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவே. ஏடிஎஸ்எல்லுக்கு அது மரண அடி. மழை பெய்தால் இணைப்பு விழும், வெயில் எறித்தால் எழும்பும். கடைக்குக் கொண்டுபோன ரவுட்டரோ அங்கே இன்னொரு கம்பியில் மாட்டியவுடன் சிரித்துக்கொண்டு நிற்கும்.

இனி மோட்டர். வலிகாமத்தில் துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது பழைய கதை. இப்போது பெரும்பாலான வீடுகளில் கிணற்றடியில் ஒரு மின்மோட்டர் இருக்கிறது, கூரையில் ஒரு தண்ணீர்த் தாங்கி. மோட்டர் ஓடும்போது இழுக்கும் மின்னைவிடக் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒழுங்கையின் கடைசி வீடு, மெல்லிய வயர், மாலை நேரம், அயலெல்லாம் விளக்குப் போட்டிருக்கிறது என்றால் அந்தக் கணத்தில் வோல்ற் சட்டென்று இறங்கும். மின்குமிழ் ஒருதரம் கண்சிமிட்டும். ரவுட்டர் அணைந்து எரியும். பிறகு அது திரும்பவும் கம்பியின் மறுமுனையோடு பேசி இணைய இரண்டு மூன்று நிமிடம். "மோட்டர் போட்டா நெற் போகுது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அனுபவம் குறைந்த திருத்துநர் நம்பமாட்டார். அனுபவம் உள்ளவர் நேரே ரவுட்டருக்கு மின் கொடுக்கும் அடப்ரரைத் தூக்கிப் பார்ப்பார்.

பாரமாக இருந்தால் பழைய மின்மாற்றி வகை. உள்ளே வருகிற வோல்ற் இறங்கினால் வெளியே போவதும் இறங்கும். இலேசாக இருந்தால் புதிய வகை. நூறு வோல்ற்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை தாங்கும் என்று அதன் வயிற்றில் அச்சிட்டிருக்கும். அந்தப் புதிய வகையும் நாலைந்து ஆண்டு வெக்கையில் கிடந்தால் உள்ளிருக்கும் மின்தேக்கி வற்றி வீங்கிவிடும். சும்மா இருக்கும்போது ரவுட்டர் ஓடும். நாலு பேர் ஒன்றாக இணைந்து வேலை கூடியவுடன் தலை சுற்றி விழும். கடையில் ஒரே ஒரு கணினியைக் கொளுவிச் சோதித்தால் இது ஒருநாளும் பிடிபடாது. அதுவும் கடைக்குக் கொண்டுவருபவர் ரவுட்டரை மட்டும் கொண்டுவந்து அடப்ரரை வீட்டுச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்.

வோல்ற் இறங்காத வீட்டிலும் மோட்டர் வேறொரு வழியால் குழப்பும். கிளம்பும் சுவிச்சில் தெறிக்கும் தீப்பொறி ஒரு குட்டி வானொலி நிலையம். ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் அலைவரிசை ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை. அதன் மேற்பாதி மத்திய அலை வானொலியின் இடம். ஆகவே பழைய ட்ரான்சிஸ்ரர் ஒன்றை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் எந்தக் கருவி இரைச்சல் போடுகிறது என்று காது சொல்லிவிடும். உலகெங்கும் தொலைபேசித் திருத்துநர்கள் கையாண்ட முறை இது. டைனமோ வானொலி கேட்டு வளர்ந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் நடந்ததை இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். பதினெட்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையம் விழுந்தது. ஓப்பன்ரீச் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் கம்பியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் அலைவரிசை அளக்கும் கருவியோடு விடியற்காலை மழையில் ஊரைச் சுற்றி நடந்தபோது ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் பீறிட்டது. பழைய தொலைக்காட்சி ஒன்று. வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு அதைப் போடுவது வழக்கம். 2020 செப்ரெம்பரில் இந்தக் கதை உலகச் செய்தியாயிற்று. அபர்ஹோசனில் ரிவி, உடுவிலில் மோட்டர்.

மின்சாரத்தின் கதையையும் விட்டுவிட முடியாது. 1990க்குப் பின் அறுந்திருந்த தேசிய மின்வலையோடு குடாநாடு உறுதியாக இணைந்தது 2013இல், கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் பாதை வந்தபிறகுதான். அதுவரை கிடைத்த மின்சாரத்துக்குச் சுன்னாகத்தின் டீசல் பிறப்பாக்கிகள் போன்றவையே கதி. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பிறகு உயர் நீதிமன்றம் வரை போனது. வெளிச்சத்துக்கு அந்த ஊர்கள் தண்ணீரால் விலை கொடுத்தன என்று சொன்னால் மிகையில்லை. தேசிய வலை வந்தபின் வோல்ற் ஓரளவு சீரானது. இடிமின்னல் சீராகவில்லை. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் மாலையானால் வானம் முழங்கும். எங்கோ ஒரு பனையில் விழுந்த மின்னல் ரெலிபோன் கம்பி வழியாக வந்து ரவுட்டரைக் கருக்கும். முழக்கம் கேட்டதும் பிளக்கைக் கழற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ரெலிபோன் கம்பியையும் கழற்றவேண்டும் என்பதை ஒரு ரவுட்டரைப் பறிகொடுத்த பிறகுதான் பலர் கற்றார்கள்.

கம்பி, மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் வராத இணையம் உண்டு. அங்கேதான் புலம்பெயர்ந்த உறவினர் கதைக்குள் வருகிறார்.

விடுமுறைக்கு வரும் தம்பி லண்டனிலிருந்து ஒரு ரவுட்டர் கொண்டுவருகிறார், "இது நல்ல ஸ்ரோங்" என்று. அண்ணன் மகளுக்குப் பெரியம்மா கனடாவிலிருந்து மடிக்கணினி அனுப்பியிருக்கிறார். வைபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வட அமெரிக்கக் கருவிகள் ஒன்று முதல் பதினொன்று வரையான சானல்களையே பார்க்கும். ஐரோப்பியக் கருவிகள் பதின்மூன்று வரை போகும். அயலில் நெரிசல் என்று லண்டன் ரவுட்டர் தானாகப் பதின்மூன்றாம் சானலுக்கு நகர்ந்தால், வீட்டில் உள்ள போன்களெல்லாம் வைபையைக் காண, கனடா மடிக்கணினிக்கு மட்டும் அப்படி ஒரு வலையே இல்லை. பாடசாலையில் வேலை செய்கிறது, சிநேகிதி வீட்டில் வேலை செய்கிறது, தன் வீட்டில் மட்டும் குருடு. ரவுட்டருக்குள் போய்ச் சானலை ஆறு என்று மாற்றினால் தீர்ந்தது. தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவர் விண்டோசை அழித்துத் திரும்பப் பதிவார், காசும் வாங்குவார்.

கொண்டுவந்த ரவுட்டரை நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் கொளுவும்போது இன்னொரு சிக்கல். 1996 பெப்ரவரியில் இணையப் பொறியியலாளர்கள் சில முகவரித் தொகுதிகளை வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் பயன்படுத்த ஒதுக்கிவைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. உலகில் கோடிக்கணக்கான வீட்டு ரவுட்டர்களின் முகவரி 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டரும் அதே முகவரியில் இருந்து, இரண்டுமே 'நான்தான் முகவரி கொடுப்பேன்' என்று நின்றால் எந்தக் கணினி எந்தப் பக்கம் போகும் என்பது எந்த ரவுட்டர் முந்திப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. மின் வெட்டுக்குப் பிறகு இது இன்னும் மோசமாகும். மலிவான ரவுட்டர் யார் யாருக்கு என்ன முகவரி கொடுத்தோம் என்பதை மறந்துபோய் எழும்பும். அணையாமல் இருந்த மடிக்கணினி பழைய முகவரியை வைத்திருக்க, அதே முகவரியைப் புதிதாக வந்த போனுக்கும் கொடுத்துவிடும்.

இன்னொரு வகைப் பழுதோ பேய் பிடித்ததுபோல் இருக்கும். ஜிமெயில் திறக்கும், யூரியூப் ஓடும், வங்கியின் பக்கம் மட்டும் வெள்ளையாய் நிற்கும். வழக்கமாக இணையப் பொதி ஒன்றின் பெரும அளவு 1500 பைற். ஏடிஎஸ்எல் இணைப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், 1999இல் எழுதப்பட்ட முறை பொதிக்கு எட்டு பைற்றை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. பெரிய பொதி வந்து இடுக்கில் சிக்கினால் 'சின்னதாக அனுப்பு' என்று திருப்பிச் செய்தி போகவேண்டும். நடுவே யாராவது அந்தச் செய்தியைப் பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்துவைத்தால் அனுப்பியவர் காத்திருந்துகொண்டே இருப்பார். கணினிக் கட்டளைப் பெட்டியில், துண்டாக்கக்கூடாது என்ற குறிப்போடு, 1464 என்ற அளவில் ஒரு பிங் அனுப்பினால் போகும்; தலைப்புகளின் 28 பைற்றும் சேர்ந்தால் அது 1492. ஒன்று கூட்டினால் போகாது. பிங் என்ற அந்தச் சிறிய நிரலை அமெரிக்க இராணுவ ஆய்வகத்தில் மைக் மியூஸ் 1983 டிசெம்பரில் எழுதியதும் தன் வலையில் புரியாமல் நடந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத்தான். நாற்பது ஆண்டு கழித்து உடுவிலில் வீடு பார்க்க வரும் பெடியன் முதலில் தட்டுவதும் அதையே.

சுவரும் கணக்கில் சேரும். பழைய நாற்சார் வீட்டின் சுண்ணக்கல் சுவர் ஒரு முழத்துக்குக் கிட்ட இருக்கும். இரண்டு சுவர் தாண்டினால் வைபை மூச்சு வாங்கும். ஆனால் நடுவே திறந்த முற்றம் இருக்கிறதே! விறாந்தையில் முற்றத்தைப் பார்த்தபடி ரவுட்டரை வைத்தால் நாலு பக்கத்துக்கும் போய்ச் சேரும். புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் அந்த வசதி இல்லை. கம்பி போட்ட கொங்கிறீற் தட்டு மேல்மாடியை முழுதாக மறைக்கும். ரவுட்டரை அலுமாரிக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது.

2013, 2014 ஆண்டுகளில் நான்காம் தலைமுறை சேவை நாட்டில் வந்தபின் ரவுட்டருக்குக் கம்பியே தேவையில்லாமல் போயிற்று. சிம் ஒன்றைப் போட்டு யன்னலில் வைத்தால் சரி. எந்த யன்னல் என்பதுதான் கேள்வி. கோபுரத்தைப் பார்த்த பக்கம், வேம்பு மறைக்காத உயரம், மாலையில் அயலெல்லாம் அதே கோபுரத்தில் தொங்காத நேரம். ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்த தாய்மாரைப் பார்த்தபோது அன்ரெனாக் காலத்தைக் கண்ட பெரியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

உடுவிலின் வீட்டு இணையம் எதற்கு என்று கேட்டால் படிப்பு, வங்கி என்று பதில் வரும். உண்மையில் முதலிடம் வீடியோ அழைப்புக்கு. ஞாயிறு பின்னேரம் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் இறுகி நிற்கும். வேகத்தை அளந்தால் குறைவில்லை. அதே நேரத்தில் அடுத்த அறையில் யாருடைய போனோ கலியாணப் படங்களை முகில் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை ஒடுக்கம். ரவுட்டரோ ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று பொதிகளை மலைபோல் வரிசையில் அடுக்கிவைக்கிறது. குரல் பொதி அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. எக்ஸ் விண்டோ முறைமையை ஆக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெற்றிஸ் 2010இல் இதே கோளாறை அமெரிக்காவில் தன் சொந்த வீட்டில் பிடித்தார். கோப்பு ஏற்றும்போதெல்லாம் வீட்டார் 'நெற் மெதுவாக இருக்கிறது' என்று குறைசொன்னதே தொடக்கம். அளந்து பார்த்தால் தாமதம் ஒரு வினாடிக்கும் மேல். அவர் தோண்டத் தோண்ட உலகம் முழுவதும் ரவுட்டர்களுக்குள் இந்த வரிசை வீக்கம் இருப்பது தெரிந்தது. 2012இல் கத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் வரிசையைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஆனால் அந்த முறை இல்லாத மலிவு ரவுட்டர் இருக்கும் வீட்டில் இன்றும் கைகண்ட மருந்து ஒன்றே: "ஆரடா படம் ஏத்திறது? நிப்பாட்டு!"

எல்லாப் பழுதும் வீட்டில் இல்லை என்பதையும் இந்த மண் கற்றுக்கொடுத்தது. 2007 ஜூனில் தமிழ்நெற் என்ற செய்தித் தளம் முடக்கப்பட்டு இலங்கைக்குள் திறக்கவில்லை, வெளிநாட்டில் திறந்தது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும் 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3இல் மறுபடியும், ஒரு பகலின் பெரும்பகுதி. அன்றைக்கு ரவுட்டரை அணைத்து எரித்துப் பார்த்த வீடுகள் எத்தனையோ! ஆகவே திருத்த வருபவர் படலையடியில் நின்றே கேட்கும் முதற்கேள்வி: "பக்கத்து வீட்டில வருகுதோ?" வந்தால் உள்ளே வருவார். வராவிட்டால் சைக்கிளைத் திருப்புவார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது வீட்டு வலைக்கு உண்மையான சோதனை வந்தது. அதுவரை ஒருவர் பார்த்ததை ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் சூமில் பார்த்தார்கள். லேர்ண் என்ற கல்வி வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழக வகுப்புகளுக்குத் தரவுக் கட்டணம் இல்லாமல் ஏற்பாடு செய்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போனில் காசு போட்டே தீரவேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி. நாட்டில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் வெட்டு. கோபுரம் இயங்கும், போன் இயங்கும், ரவுட்டர் மட்டும் செத்துக்கிடக்கும். 12 வோல்ற் கொடுக்கும் உள்ளங்கையளவு மினி யூபிஎஸ் கடைகளில் வந்து குவிந்தது. அது கிடைக்காதவர்கள் மோட்டர்சைக்கிள் பற்றரியில் நேரே கொளுவினார்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு நேர், மறை பார்த்துக் கொளுவ யாரும் கற்றுக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

இப்போது புதியதொரு வகைப் பழுது வந்திருக்கிறது: ஆளில்லாத வீட்டின் பழுது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோரும் அவர்களோடு, வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் மூலைக்கு மூலை கமரா. மாமரத்தில் எத்தனை காய் என்று ரொறொன்ரோவில் இருந்துகொண்டே எண்ணலாம். முன்பெல்லாம் ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து நேரே கமராவுக்கு வரலாம். முகவரிப் பஞ்சத்தால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கும் முறை வந்தது. 2012இல் அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் தொகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். அப்படி அடுக்கிய வீட்டில் அந்தக் கதவு வெளியே திறப்பதில்லை. கமரா தானே வெளியே போய் எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்தில் காத்து நிற்கவேண்டும். ரவுட்டர் ஒருதரம் தூங்கிவிட்டால் எழுப்ப வீட்டில் ஆளில்லை. முழக்கத்துக்கு ட்ரிப் சுவிச் விழுந்தாலும் தூக்கிவிட ஆளில்லை. கனடாவிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாற்சப்பில் அழைப்பு வரும். அவர் திறப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவிச்சைத் தூக்கிவிட்டு, மாமரத்துக் கமராவுக்கு முன்னால் நின்று கையைக் காட்டி, "தெரியுதோ?" என்பார்.

அக்காவுக்கும் அலுத்துப்போனபிறகு ரவுட்டரின் பிளக்கில் ஒரு நேரச் சுவிச் பொருத்தினார்கள். தினமும் ஒருதரம் தானாக அணைத்துப் போடும். யாரும் பாவிக்காத நேரம் பார்த்து விடிய நாலு மணிக்கு வைப்பது வழக்கம். உடுவிலில் விடிய நாலு மணி என்றால் கோடையில் ரொறொன்ரோவில் முதல்நாள் பின்னேரம் ஆறரை. வீட்டுக்காரர் வேலையால் வந்து, தேத்தண்ணியோடு இருந்து, வளவைப் பார்க்கப் போனைத் திறக்கும் நேரம். சுவிச்சை இரண்டு மணிக்கு மாற்றச் சொல்லி மறுபடியும் அக்காவுக்கு அழைப்பு.